மதுரையிலிருந்து மண்டபத்துக்கு வீடு மாற்றுகிறோம்: பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதா, கூட்டிக்கொண்டு போவதா?

வைகைக்காரி
எல்லோருக்கும் வணக்கம். அவருக்கு மண்டபத்துக்கு மாற்றல் வந்துவிட்டது, மே கடைசிக்குள் அங்கே குடிபோயாக வேண்டும். பெரியவளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, ஜூனில் ஒன்றாம் வகுப்பு. சின்னவனுக்கு ஒன்றேமுக்கால், கீழே கிடப்பது எல்லாம் வாய்க்குத்தான் போகும். இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று மண்டபத்தில் தென்கடல் பக்கம் மாடிவீடு, இன்னொன்று உச்சிப்புளியில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டுவீடு. இரண்டையும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் இப்போது ஓடுகிற பஞ்சாயத்து வேறு. மாமியார் பரமக்குடியில் இருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டையும் அங்கே விட்டுவிட்டுப் போங்கள், சாமானை அடுக்கி முடித்துவிட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்து வந்து கூட்டிப்போங்கள் என்கிறார்கள். அவரும் அதற்குத் தலையாட்டுகிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் கத்திரி வெயிலில் இரண்டையும் இடுப்பிலும் கையிலும் வைத்துக்கொண்டு எப்படி மூட்டை பிரிப்பது என்றும் தெரியவில்லை. போதாததற்கு அவருக்கு லீவு கிடைப்பது சனிக்கிழமைதான், சனிக்கிழமை கிழக்கே சூலம் என்று அது ஒரு தனிச் சண்டை. அந்தப் பக்கம் குடியிருக்கிறவர்கள் சொல்லுங்கள், நீங்கள் என்ன செய்தீர்கள்?

தொண்டி மாமா
விட்டுவிட்டுப் போங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீடு மாற்றுகிற நாளில் சின்னப் பிள்ளை காலுக்குள் நின்றால் பீரோ இறக்குகிறவன் பிள்ளையைப் பார்ப்பானா, பீரோவைப் பார்ப்பானா? சூலத்துக்கு ஒரு டம்ளர் தயிர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், பரிகாரம் சரியாகிவிடும். அப்பத்தா வீட்டில் பத்து நாள் இருந்தால் பிள்ளைகள் இளைத்தா போய்விடும், இரண்டு கிலோ கூடித்தான் வரும்.

பாம்பன் வீட்டுக்காரி
மாமா சொல்கிறதில் பாதி சரி. பீரோ இறக்குகிற இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளை அங்கே இருக்கக் கூடாது, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பத்து நாள் என்பது வேறு கதை, அதிலும் ஒன்றேமுக்கால் வயசுப் பிள்ளைக்கு. பெரியவளிடம் சொல்லிவிடலாம், "அம்மா புது வீட்டை ரெடி பண்ணிட்டு வர்றேன்" என்றால் அவளுக்கு விளங்கும். சின்னவனுக்கு நாளும் தெரியாது, கிழமையும் தெரியாது. அவன் கணக்கில் வீடும் போய்விட்டது, அம்மாவும் போய்விட்டாள், அவ்வளவுதான். என் நாத்தனார் மகனை அப்படித்தான் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பக் கூட்டி வந்த பிறகு அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பான், வெகுநாள் அப்படியே இருந்தான்.

தங்கச்சி, வீடு பார்க்கிறீர்களே, அதைப் பற்றியும் சொல்கிறேன். மண்டபம் ஒரு நீட்டுத் துண்டு நிலம், வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வடகடல் பாக்கு நீரிணைப் பக்கம், தென்கடல் மன்னார் வளைகுடா. எங்கள் ஆட்கள் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். மே, ஜூனில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று ஏறும்போது தென்கடல் பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்தால் சோற்றில் மணல், பாயில் மணல், பிள்ளை காதுக்குள்ளும் மணல். கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்கும்போது இதே அவஸ்தை வடகடல் பக்கத்துக்கு. நீங்கள் வருகிற மாதம் தென்கடலுக்கு மோசமான மாதம். போட்டோவில் கடல் தெரிகிற பால்கனி அழகாகத்தான் இருக்கும். பால்கனிச் சுவர் உங்கள் பையன் நெஞ்சளவா, தலைக்கு மேலா என்று அவரை அளந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று, உங்கள் சின்னவன் தொட்டிலில் தூங்குகிறவனா?

வைகைக்காரி
ஆமாம் அக்கா, சேலைத் தொட்டில்தான். கட்டிலில் போட்டால் கண் மூட மாட்டான். ஏன் கேட்கிறீர்கள்?

பாம்பன் வீட்டுக்காரி
அதுதான் கேட்டேன். புதுசாகக் கட்டுகிற தளம் போட்ட வீட்டில் பாதிக்குத் தொட்டில் கொக்கியே வைப்பதில்லை, மின்விசிறிக் கொக்கி மட்டும்தான் இருக்கும். இருக்கிற கொக்கியையும் கடற்கரை வீட்டில் அப்படியே நம்பிவிடக் கூடாது. உப்புக் காற்று கம்பியைத் தின்னுகிற வேகம் மதுரைக்காரர்களுக்குத் தெரியாது. மேலே பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும், உள்ளே துரு ஏறி ஊசியாக இளைத்துப் போயிருக்கும். நாங்கள் தங்கச்சிமடத்துக்குக் குடிபோனபோது என் வீட்டுக்காரர் முதலில் செய்த வேலை, கொக்கியில் படகுக் கயிற்றைப் போட்டு முடிந்து, தானே இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்ததுதான். காரைத் துண்டோடு கொக்கி கையில் வந்துவிட்டது. தொட்டிலோடு வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி வேறு இடத்தில் தளத்தைத் துளைத்து எவர்சில்வர் கொக்கி போட்ட பிறகுதான் பிள்ளையைக் கிடத்தினேன்.

தொட்டில் சேலையைத் துவைத்து மடித்து எடுத்துப்போக வேண்டாம், பழைய வாசத்தோடு அப்படியே சுருட்டி உங்கள் கைப்பையில் வையுங்கள். வீடு புதுசு, சுவர் புதுசு, மூக்குக்காவது பழகிய ஒன்று இருக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் வீடு மாற்றுவது, காதுகுத்து எல்லாம் மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, ஆம்பளைகள் கரையில் இருப்பார்கள், தூக்க ஆள் கிடைக்கும். நீங்களும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறீர்கள், ஆளுக்குப் பஞ்சம் இருக்காது.

குட்டியானை ஓட்டுறவன்
ராமநாதபுரத்தில் வண்டி வைத்திருக்கிறேன், இந்த ரோட்டில்தான் பிழைப்பு. என் பங்குக்கு நாலு வார்த்தை.

பிள்ளைகளைப் பின்னால் சாமானோடு ஏற்றிவிடாதீர்கள். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், "மெத்தை மேல உக்காந்துக்குவான்" என்று. நான் ஏற்ற மாட்டேன். மெத்தையை மேலே போட்டுச் சும்மா ஒரு கயிறு கட்டுவதும் இந்த ரோட்டில் ஆகாது. மண்டபம் வரை பரவாயில்லை, அதைத் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறினால் காற்று பக்கவாட்டில் வந்து அறையும். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தினார்கள் என்றால் ஒரு பஞ்சு மெத்தை எந்த மூலைக்கு? தார்ப்பாய் போட்டு, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

முதலில் ஏற்றுவது கடைசியில்தான் இறங்கும், இது பல பேருக்கு உறைப்பதில்லை. பால் பாத்திரம், பிள்ளை பாய், ஒரு பெட்ஷீட், மாற்றுத்துணி, பிளாஸ்டிக் வாளி, மக், காய்ச்சல் மருந்து, டார்ச், இதெல்லாம் வண்டியிலேயே ஏறக் கூடாது, உங்களோடு காரிலோ பஸ்ஸிலோ வர வேண்டும். ஒரு தடவை இருட்டுகிற நேரத்தில் சாமான் இறக்கினோம், கைக்குழந்தைப் பால் பாட்டில் எந்த அட்டைப்பெட்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, பிள்ளை வீறிட்டு அழுகிறது, நான் ஒவ்வொரு பெட்டியாக அறுத்துத் தேடினேன்.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் பரமக்குடி தாண்டி வெயில் ஏறுமுன் வந்துவிடலாம், பிள்ளைகளும் வழியெல்லாம் தூங்கிவிடும்.

மாமியார் கட்சி
நானும் பேரன் பேத்தி எடுத்தவள்தான், அதனால் எங்கள் தரப்பையும் ஒருவர் சொல்ல வேண்டும் இல்லையா? பத்து நாள் விட்டுவிட்டுப் போ என்று வாய் சொல்லிவிடும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "அம்மா" என்று எழுந்து உட்காருகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற முழங்கால் எங்களுடையது. பெரியவளைச் சமாளிக்கலாம், ஒன்றேமுக்கால் ஓடுகிற பிள்ளை பின்னால் அறுபது வயசில் ஓட முடியாது. இதை மகனிடம் நேரே சொன்னால் பாசம் இல்லை என்று ஆகிவிடும் என்று நாங்கள் சொல்வதில்லை.

பரமக்குடி வழியில்தானே இருக்கிறது, பிள்ளைகளை அங்கே இறக்குவானேன்? மாமியாரை ஏற்றிக்கொள்ளுங்கள். புது வீட்டுக்கு அவர்களும் வரட்டும், பால் காய்ச்சட்டும், ஒரு மூலையில் பாயைப் போட்டு இரண்டு பிள்ளையையும் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைக்கு அம்மா கண்ணுக்கு எதிரே இருப்பாள், உங்களுக்குக் கை ஒழியும்.

கீழக்கரை ராத்தா
மாமியார் கட்சிக்கு என் ஓட்டு. எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் நம் வீட்டுக்கு வருவார், அதனால் பெண் ஊர்விட்டு ஊர் குடிபோவது குறைவு. ஆனால் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது வாடகைக்குப் போவோம், திரும்பி வருவோம். ஆம்பளைகள் முக்கால்வாசிப் பேர் துபாயிலும் மலேசியாவிலும் இருப்பதால் உம்மாவும் பெரியம்மாவும் நாமும்தான் எல்லாம். சாமான் ஏற்றுகிறவர்களுக்குப் பெரியம்மா ஒருவர் மேஸ்திரி, பிள்ளைகளுக்கு உம்மா மேஸ்திரி, இரண்டையும் ஒரே ஆள் பார்க்கவே கூடாது.

நான் சொல்ல வந்தது தண்ணீர்த் தொட்டி. நம் மாவட்டத்தில் காவிரி கூட்டுக் குடிநீர் எல்லா நாளும் வராது, அதனால் பெரும்பாலான வீட்டில் தரைக்குள் ஒரு தொட்டி இருக்கும். அந்த மூடியைப் பாருங்கள்! இரும்பு மூடி என்றால் துரு பிடித்து ஓரம் உடைந்திருக்கும், சிமென்ட் பலகை என்றால் அரைகுறையாகத் தள்ளி வைத்திருப்பார்கள், சில வீட்டில் ஒரு தகரத்தைப் போட்டு மேலே கல்லை வைத்திருப்பார்கள். குடிபோகிற அன்றைக்கு எல்லாக் கதவும் திறந்து கிடக்கும், எல்லோரும் பிள்ளை இன்னொருத்தரிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். சாமான் வண்டி வருவதற்கு முந்தின நாளே ஒருவர் போய்த் தொட்டி மூடியைச் சரிசெய்து, பூட்டுப் போட்டுவிட்டு வாருங்கள். கொல்லையில் கிணறு இருந்தால் கம்பி வலை. உச்சிப்புளிப் பக்கம் தோட்டம் என்றால் கிணறு இருக்கும்.

நர்ஸ் அக்கா
தொட்டி, தொட்டில் இரண்டும் சொல்லிவிட்டார்கள். உங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்குமே இப்போது ஊசி பாக்கி இருக்கலாம், அட்டையை எடுத்துப் பாருங்கள். 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் தட்டம்மை ரூபெல்லா இரண்டாவது தவணை, முத்தடுப்பு ஊக்க ஊசி, போலியோ சொட்டு. ஐந்து வயது முடிந்த பிள்ளைக்கு முத்தடுப்பு இரண்டாவது ஊக்க ஊசி. மதுரையில் போட வேண்டும் என்றெல்லாம் இல்லை, எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் புதன்கிழமை போடுவார்கள். அட்டை மட்டும் பீரோவுக்குள் போய்விடக் கூடாது. குடிபோகிற அன்றைக்கும் மறுநாளும் ஊசி வேண்டாம், காய்ச்சல் வந்தால் இருக்கிற குழப்பத்தில் யார் பார்ப்பது?

வெயிலுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு கையில் இருக்கட்டும். சின்னவனுக்கு இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் நிறுத்துவதற்கு இது நேரமில்லை, ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

உச்சிப்புளி டீச்சர்
ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பயப்பட வேண்டாம். பெரியவள் எல்கேஜி, யூகேஜி படித்திருந்தால் அந்தப் பள்ளியில் எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்குள்ள எண்ணைக் கேட்டு வாங்கி, அவர்கள் பக்கத்திலிருந்து பெயரை அதிலுள்ள பொதுத் தொகுப்புக்கு விடுவித்துவிடச் சொல்லுங்கள், அப்போதுதான் இங்கே எங்களால் இழுக்க முடியும். லீவு விட்ட பிறகு அலுவலகத்தில் ஆளைப் பிடிப்பது பெரும்பாடு, கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு, காலையில் அடுப்படியில் அல்லாடுகிற அம்மாக்களுக்குப் பெரிய உதவி.

உச்சிப்புளி வீடு பற்றி ஒன்று. இங்கே கடற்படையின் விமானதளம் இருக்கிறது, ஐஎன்எஸ் பருந்து. தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சத்தம் புதுப் பிள்ளைகளைத் தூக்கிவாரிப் போட வைக்கும். முன்கூட்டியே சொல்லி, வெளியே கூட்டிவந்து காட்டிவிட்டால் கையாட்டப் பழகிவிடுவார்கள்.

தொண்டி மாமா
ஆளாளுக்கு ஒரு பட்டியல் போட்டு அந்தப் பெண்ணைக் குடிபோகவே விடமாட்டீர்கள் போல இருக்கிறது! எங்கள் அம்மா ஆறு பிள்ளையை வைத்துக்கொண்டு மாட்டு வண்டியில் குடிவந்தாள், தொட்டிலை வேப்பமரத்தில் கட்டினாள்.

பாம்பன் வீட்டுக்காரி
மாமா, அந்த ஆறு பேரில் மூத்த இரண்டும் கடைசி இரண்டைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கும், உங்களையே கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டு அத்தை சோறு ஆக்கிக் கொடுத்திருப்பாள். இப்போது ஒரு வாடகை வீட்டில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே ஒரு மாதம் கழித்துத்தான் தெரிகிறது.

தொண்டி மாமா
அது சரிதான். மூத்தவன் நான்தான்.

வைகைக்காரி
வந்து சேர்ந்துவிட்டோம், எல்லோருக்கும் நன்றி. முன்பே எழுத முடியவில்லை.

மாடிவீடு வேண்டாம் என்று ஆகிவிட்டது. கொக்கி இல்லை, பால்கனிச் சுவர் சின்னவன் கழுத்தளவுகூட இல்லை. உச்சிப்புளி வீட்டில் பனை உத்தரம், கரையான் இருக்கிறதா என்று ஆசாரியை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொட்டில் கட்டினோம். தொட்டிக்கு மூடி இருந்தது, பூட்டு இல்லை, சங்கிலி வாங்கிப் போட்டார். அவருக்குத்தான் தினமும் மண்டபத்துக்குப் பஸ், முனகிக்கொண்டே போகிறார்.

அத்தையை எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தேன், அவரே மாமியார் கட்சி எழுதியதைப் போனில் படித்துக் காட்டிவிட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை, அப்புறம் "யாரு எழுதுனது, நல்லாத்தான் எழுதியிருக்கா" என்றார்கள். சனிக்கிழமை வேண்டாம் என்றவர்களே தயிர் டம்ளரோடு ரோட்டுக்கு வந்து நின்றார்கள். வண்டியில் இறக்கியதில் மிக்ஸி மூடி ஒன்றுதான் உடைந்தது. சின்னவன் முதல் நாள் ராத்திரி ஒரே ஒரு தடவை எழுந்தான், தொட்டிலுக்குள்ளேயே சேலையை முகர்ந்துவிட்டுப் படுத்துவிட்டான்.

தொல்லை பெரியவளால்தான், எதிர்பார்க்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று வந்தவள், வந்த மூன்றாம் நாள் "எப்போ மதுரைக்குப் போறோம்" என்று ஆரம்பித்தாள். விளங்கும், சொன்னால் போதும் என்று நினைத்தோம், அவள் இதை லீவு என்று நினைத்திருக்கிறாள். இப்போது அவளோடு தினமும் சாயங்காலம் தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போகிறேன், சின்னவனை வீட்டில் அத்தை பார்த்துக்கொள்கிறார்கள். குழாயடியில் அவள் வயசில் இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். நேற்று குடத்தை இவள் பிடிக்கிறேன் என்று சண்டை, பாதித் தண்ணீர் கவுனில்.

செருப்பில்லாமல் வெளியே விடவே முடியவில்லை, எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேல முள். இன்னொன்று கேட்க வேண்டும். போர் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை, குளித்தால் பெரியவளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. என்ன செய்வது?

கீழக்கரை ராத்தா
பருப்புக்கும் சோற்றுக்கும் காவிரித் தண்ணீர்தான், போர் தண்ணீரைச் சமையலுக்குத் தொடவே தொடாதீர்கள். உப்பும் சுண்ணாம்பும் இருக்கிற தண்ணீரில் பருப்பு இறுகிப் போகும். அவசரத்துக்கு முந்தின ராத்திரியே நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள். பிள்ளையைப் போர் தண்ணீரில் குளிப்பாட்டிவிட்டுக் கடைசியில் ஒரு சொம்பு காவிரித் தண்ணீர் மேலுக்கு ஊற்றுங்கள், துடைத்ததும் தேங்காய் எண்ணெய். சோப்பைக் குறைத்துவிடுங்கள், அந்தத் தண்ணீரில் நுரைக்காது, தோலில் ஒட்டிக்கொண்டு நின்று அதுவே அரிக்கும்.

நர்ஸ் அக்கா
எண்ணெய் தேய்த்தும் அரிப்பு விடவில்லை, விரலிடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிகிறது, ராத்திரியில் கூடுகிறது என்றால் அது தண்ணீரால் இல்லை, சிரங்காக இருக்கும். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், வீட்டில் எல்லோரும் சேர்ந்து மருந்து போட வேண்டி வரும். புதன்கிழமை ஊசிக்குப் போகும்போதே கேட்டுவிடலாம்.

குட்டியானை ஓட்டுறவன்
கேஸ் இணைப்பு மாற்றிவிட்டீர்களா? பழைய ஊரில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வவுச்சர் வாங்கினால்தான் இங்கே புது ஏஜென்சியில் எடுப்பார்கள். அதற்குள் பால் காய்ச்ச ஒரு கரண்ட் அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்காரி
வவுச்சர் வாங்கியாச்சு அண்ணா, திங்கட்கிழமை சிலிண்டர் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை கரண்ட் அடுப்புதான், கரண்ட் போனால் பக்கத்து வீட்டு விறகடுப்பு. கொப்புளம் எதுவும் இல்லை நர்ஸ் அக்கா, பார்த்துவிட்டேன். இன்றைக்குக் காவிரித் தண்ணீரில் பருப்பு போட்டேன், நாலு விசிலில் மசிந்துவிட்டது.